பெண் பார்க்கப் போன இடத்தில் படம் பார்த்தது குறித்து

அடி அண்ணாமலை,
சனிக்கிழமை காலை.

மதிப்பிற்கும் பயத்திற்கும் உரிய பெரியக்கா வெள்ளையம்மாள் அவர்களுக்கு, உடன்பிறந்த தம்பி அர்ஜுனன் தரையில் விழுந்து வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நான், பொன்னி, மகன் இளவரசன், கறவை மாடு இரண்டு, எல்லோரும் அண்ணாமலையார் புண்ணியத்தில் சுகம். அங்கு தங்கள் சுகத்தையும், மாமா ராமகிருஷ்ணன் அவர்களின் சர்க்கரை அளவையும், தங்கள் முழங்கால் வலியையும் அறிய ஆவல். ஒரு மாதமாகத் தாங்கள் என் போனை எடுக்கவில்லை. முதலில் போளூரில் சிக்னல் இல்லை என்று நினைத்தேன். பிறகு பொன்னியின் போனிலிருந்து போட்டேன், மணி அடித்தது, என் குரல் கேட்டதும் துண்டித்தது. பக்கத்து இளநீர்க் கடைக்காரர் போனிலிருந்து போட்டேன், "ராங் நம்பர்" என்று தங்கள் குரலிலேயே பதில் வந்தது. ஆகவேதான் இந்தக் கடிதம். இதைக் கூரியரில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும், வாங்கிய பிறகு ராங் அட்ரஸ் என்று சொல்ல முடியாது.

நடந்ததை மாமா தங்களிடம் சொல்லியிருப்பார். ஆனால் மாமா எதையும் பாதிதான் சொல்வார், மீதிப் பாதியில் பயந்துவிடுவார். ஆகையால் முதலிலிருந்து நானே எழுதுகிறேன். இளவரசனுக்கு மூன்று வருடமாக வரன் பார்க்கிறோம். ஜாதகம் பொருந்தினால் பெண்ணுக்கு இவன் ஓசூரில் வேலை பார்ப்பது பிடிக்கவில்லை, ஓசூர் பிடித்தால் எங்கள் மாடு பிடிக்கவில்லை. அப்படி இருக்கையில் செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம், வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் இளஞ்செழியன் என்பவர் மகள் மணிமொழியின் ஜாதகம் வந்தது. பொருத்தம் எல்லாம் ஜாஸ்தி. தங்களுக்குத்தான் முதலில் போன் போட்டேன். தாங்கள் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "போடா. பொண்ணப் பாரு. காபி குடி. ஆனா கை நனைக்காத. நான் வந்து பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் அந்த வூட்ல ஒரு பருக்க சோறு தொடக் கூடாது. தொட்டன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம், தெரியுமில்ல?" என்றீர்கள். தெரியாமல் என்ன அக்கா? பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவினால் சம்பந்தம் முடிந்தது என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அப்பா போன பிறகு எனக்குப் பெண் பார்த்ததே நீதான். பொன்னி வீட்டுக்கு மூன்று தடவை போயும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், கொடுத்த சொம்பைத் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தவள் நீ. அதைச் சொல்லி இன்றைக்கும் பொன்னி என்னைக் குத்திக்காட்டுகிறாள்.

ஆரணியில் இருக்கும் உன் கொழுந்தனார் மகள் ஆர்த்தியை உன் மனதில் வைத்திருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது போன மாதம் இளவரசனுக்குப் போன் பண்ணி, "அண்ணா, எப்டி இருக்கீங்க அண்ணா" என்று இரண்டு தடவை அண்ணா போட்டிருக்கிறது. முறைப்படி மாமா என்று கூப்பிட வேண்டிய பெண். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயே யோசித்துக்கொள்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நானும் பொன்னியும் இளவரசனும் நல்ல நேரத்தில் போனோம். பெண் வந்தது, கும்பிட்டது, காபி கொடுத்தது. பொன்னி, "சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியும், ஆனா எங்கம்மா அளவுக்கு வராது" என்றது. நான், "இன்னாம்மா வேலை பண்ற?" என்றேன். "படத்துக்குக் கீழ வசனம் எழுதுறேங்க" என்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் புரியவில்லை என்று சொல்லக் கூடாது, ஆகவே தலையாட்டினேன். இளவரசனும் அதுவும் மாடியில் தனியாகப் பேசிவிட்டு இறங்கி வந்தார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் சிரிப்பை வாய்க்குள் போட்டு அடக்கிக்கொண்டிருக்கிறான். உனக்குத் தெரியும், அந்தப் பயல் பத்தாவது பாஸானபோதுகூட அப்படிச் சிரித்ததில்லை. எல்லாம் முடிந்து, காபியைத் தவிர வாயில் ஒன்றும் படாமல், "போய்ட்டு தகவல் சொல்றோங்க" என்று நான் எழுந்துவிட்டேன். அக்கா, சத்தியமாக எழுந்துவிட்டேன். செருப்பில் ஒரு கால் போயாயிற்று. பொன்னிதான், "இன்னாங்க, மணி பன்னண்டு ஆயிப்போச்சு, எமகண்டம் பொறந்துடுச்சு. நல்ல காரியத்துக்கு வந்துட்டு எமகண்டத்துலயா வாசப்படி தாண்டுவாங்க?" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் செய்த தப்புக்கெல்லாம் வேர் அந்த இழுப்புதான். இதை அவள் பார்க்கும்படி வைத்தே எழுதுகிறேன், பரவாயில்லை.

ஒன்றரை மணி நேரம் எமகண்டம் முடிகிற வரைக்கும் என்ன செய்வது? பொன்னி பெண்களோடு பின்கட்டுக்குப் போய்விட்டாள். இளவரசனுக்கு ஆபீஸிலிருந்து போன், அவன் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். நானும் இளஞ்செழியனும் எதிரெதிரே உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினோம், நிலக்கடலை விலையைப் பற்றிப் பேசினோம், பிறகு பேச ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தோம். அவர்தான், "கீழ ஹால்ல ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம படம் போடுவோங்க. நம்ம ரூம்ல தங்கறவங்களுக்காக. பாட்டுப் படம். பாப்பாதான் செலக்ட் பண்ணும். வாங்க, எமகண்டம் போறதே தெரியாது" என்றார். பாட்டுப் படம் என்றதும் நான் ஏதோ சாமி பாட்டு என்று நினைத்துப் போனேன். ஜன்னலுக்கெல்லாம் படுக்கை விரிப்பைக் கட்டி இருட்டாக்கி வைத்திருக்கிறார்கள். சுவரில் பெரிய திரை. தரையில் பாய், மெத்தை, அதில் வெள்ளைக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், கேரளத்துப் பிள்ளைகள். ஜடாமுடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் தன் தலையணையை எடுத்து எனக்கு முதுகுக்குக் கொடுத்தார். மணிமொழி முன்னால் வந்து நின்று, இது இன்ன ஊர்க் குழு, இவர்கள் வாசிப்பது ராக் என்கிற சங்கீதம், இது அவர்களைப் பற்றி எடுத்த டாக்குமெண்டரி, கடைசி அரை மணி நேரம் அவர்கள் கச்சேரி என்று ஆங்கிலத்தில் ஒரு தடவை, என்னைப் பார்த்துத் தமிழில் ஒரு தடவை சொன்னது. காபி கொடுத்தபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணா இது என்று எனக்கு ஆச்சரியம்.

படம் ஆரம்பித்ததும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். அப்படி ஒரு சத்தம், தீபத்துக்கு வெடிக்கிற அவுட்டு வாணம் எல்லாம் பக்கத்தில் நிற்காது. ஆனால் கீழே எழுத்து ஓடியது பார், அதில்தான் மாட்டிக்கொண்டேன். தமிழ் எழுத்து. அதுவும் புத்தகத் தமிழ் இல்லை, நம்ம ஊர்த் தமிழ். சீமையில், தோள் வரைக்கும் முடி தொங்க, காதில் கடுக்கன் போட்ட ஒரு பாட்டுக்காரன் கேமராவைப் பார்த்து ஏதோ உறுமுகிறான், கீழே, "எங்க அண்ணனாண்ட பேசறதும் ஒண்ணு, செவுத்தாண்ட பேசறதும் ஒண்ணு" என்று ஓடுகிறது. மைதானத்துக்காரர் வந்து, "சவுண்ட ஜாஸ்தி வெச்சா கரண்ட்ட புடுங்கிடுவேன், கம்மி பண்ணு" என்கிறார். அதற்கு இவன், "கம்மியா வேணும்னா வூட்டுக்குப் போய் ரேடியோ கேளுய்யா" என்கிறான். நான் காதிலிருந்து கையை எடுத்துவிட்டேன். வெள்ளைக்காரன் வாயிலிருந்து நம்ம பஸ் ஸ்டாண்டு பாஷை வந்தால் யாருக்குத்தான் எழுந்து போக மனசு வரும்?

கதை என்னவென்றால், அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் கிட்டார், தம்பி பாட்டு. பெரிய பேர் வாங்கி, ஊர் ஊராகப் போய், கடைசியில் தம்பி ஒரு கம்பெனியில் அண்ணனைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டான். அன்றைக்குப் போன பேச்சுத்தான். வருடக்கணக்கில் முகம் பார்ப்பதில்லை. டிரம்ஸ் வாசிக்கிற சிநேகிதர் படுத்த படுக்கையாகிவிட்டார், அவருக்காக ஒரே ஒரு கச்சேரி என்று இரண்டு பேரையும் கூட்டி வருகிறார்கள். தனித்தனி வேன், தனித்தனி அறை. "அவன் தண்ணி குடிச்சானான்னு கேளு" என்று நடுவில் ஆள் விட்டுக் கேட்கிறார்கள். கேமராக்காரர் அண்ணனிடம் போய், இத்தனை வருடம் என்ன கோபம் என்று கேட்கிறார். அண்ணன் கிட்டார்க் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார், கீழே எழுத்து வந்தது. "என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அக்கா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருடம் உன்னைக் கேட்காமல் இரண்டாவது மாட்டை வாங்கினேனே, அப்போது நீ சொன்ன அதே வார்த்தை. எழுத்தில் வந்ததை நான் உன் குரலில் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படத்தில் கச்சேரி ஆரம்பிக்கிற நேரம். தம்பி மேடை ஏறிவிட்டான், ஜனம் சமுத்திரம் மாதிரி நிற்கிறது, அண்ணன் வேனை விட்டு இறங்கவில்லை. தம்பி தனியாகவே பாடுகிறான். கிட்டார் வர வேண்டிய இடம் வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்கிறான், அந்த இடத்தை வேறு யாரையும் வாசிக்க விடவில்லை. மறுபடி பாடுகிறான், மறுபடி அந்த இடத்தில் நிறுத்துகிறான். அத்தனை ஆயிரம் பேரும் மூச்சு விடாமல் நிற்கிறார்கள். நான் முழங்காலில் எழுந்து நின்றுகொண்டு, "வாய்யா, எறங்கி வாய்யா, தம்பி தானே!" என்று கத்திவிட்டேன். ஜடாமுடிக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரும் ஏதோ கத்தினார். மூன்றாவது தடவை, பின்னாலிருந்து கிட்டார் சத்தம் வந்தது.

இந்த இடத்தில்தான் தப்பு நடந்தது. படம் பார்ப்பவர்களுக்கு நடுவில் சாப்பாடு கொடுப்பது அந்த வீட்டு வழக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? இருட்டில் யார் என் மடியில் தட்டை வைத்தார்கள் என்று சத்தியமாகத் தெரியாது. சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வடை. கண் திரையில் இருந்தது, கை அது பாட்டுக்குத் தட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. அழுதுகொண்டே சாப்பிடுகிறேன், எதைச் சாப்பிடுகிறேன் என்றே தெரியாமல் சாப்பிடுகிறேன். அந்த நேரம் பார்த்து நீ போன் பண்ணினாய். மீதியை நீயே கேட்டாய். "இன்னாடா, பொண்ணு எப்டி?" என்றாய். நான் "ம்ம்" என்றேன். "வாயில இன்னாடா?" என்றாய். "ஒண்ணுமில்லக்கா" என்றேன். அப்போது அந்த இளஞ்செழியன், நல்ல மனுஷன்தான், ஆனால் நேரம் தெரியாத மனுஷன், "சம்பந்திக்கு இன்னும் ரெண்டு வடை வையிம்மா!" என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். நீ போனை வைத்த சத்தம் அந்த டிரம்ஸ் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

விளக்கைப் போட்டார்கள். தட்டைப் பார்த்தேன், கறிவேப்பிலை மட்டும் இருந்தது. நிமிர்ந்தேன், வாசற்படியில் பொன்னி நின்றாள். அவள் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. இளஞ்செழியன் கை கழுவச் சொம்பில் தண்ணீரோடு வந்தார். எனக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. சாப்பிட்டுக் கை கழுவினால்தானே முடிந்தது என்று அர்த்தம்? கழுவாவிட்டால்? "இல்லைங்க, வேணாங்க, பழக்கமில்லைங்க" என்று சொல்லிவிட்டு வலது கையை ஆகாயத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்துவிட்டேன். இடது கையால் கும்பிட முடியாதே, ஒரு கையைத் தூக்கித் தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டோவில் அடி அண்ணாமலை வரைக்கும் கையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் நான் வண்டியைத் திருப்பக் கை காட்டுகிறேன் என்று நினைத்து இரண்டு சந்தில் திரும்பிவிட்டார். நம் வீட்டுக் குழாயில்தான் கழுவினேன், இளவரசன் சாட்சி. பொன்னி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நியாயமாகப் பார்த்தால் அன்றைக்குக் கை நனைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாமாவிடம் இதை விளக்கமாகச் சொன்னேன். அவர் உன்னிடம் சொல்லப் போய் நீ கரண்டியை வீசினாயாமே.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன் என்று நீ கேள்விப்பட்டிருப்பாய். போனது எதற்கு? "போன வாரம் சாப்பிட்டதக் கணக்குல எடுத்துக்காதீங்க, எங்கக்கா வந்து சொன்னாத்தான்" என்று இளஞ்செழியனிடம் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். போன நேரத்தில் படம் ஆரம்பித்துவிட்டது. பாதிப் படத்தில் பேசினால் மற்றவர்களுக்குத் தொந்தரவு. அது வெறும் கச்சேரிப் படம், கதை கிதை ஒன்றும் கிடையாது. கொட்டுகிற மழை, கரண்ட் போய்விட்டது, அறுபது வயதுக் கிழவன் ஒருவன் சட்டை இல்லாமல் மைக் இல்லாமல் நின்று பாடுகிறான், மைதானமே சேர்ந்து பாடுகிறது. பிறகு அவன் மேடையிலிருந்து ஜனத்தின் மேல் மல்லாக்க விழுகிறான். விழுந்தவனைக் கீழே விடாமல் கைமேல் கைமேல் ஏந்திக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து மேடையில் வைக்கிறார்கள். நான், "பாத்து, பாத்து, இடுப்புல புடிங்கடா!" என்று கத்தினேன். அன்றைக்குப் புளிசாதம். அன்றைக்கு நான் கையைக் கழுவிவிட்டேன், மறைக்க விரும்பவில்லை. ஆகாயத்தில் கையை நீட்டிக்கொண்டு எத்தனை வாரம் ஆட்டோவில் போக முடியும்?

மூன்றாவது வாரம் என்னைக் காலரைப் பிடித்து இழுத்து வருவேன் என்று பொன்னி கிளம்பி வந்தாள். வந்தவள் வாசற்படியில் நின்று திரையைப் பார்த்தாள். அன்றைக்குப் பெண்கள் மட்டுமே வாசிக்கிற குழுவைப் பற்றிய டாக்குமெண்டரி. டிரம்ஸ் வாசிக்கிற பெண் எட்டு மாதக் கர்ப்பம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து வெளுத்து வாங்குகிறது. பொன்னி, "ஐயையோ, மாசமா இருக்கற பொண்ண இப்டி அடிக்க வுடுவாங்களா? இதோட மாமியார் எங்க?" என்றாள். கொஞ்ச நேரத்தில் மாமியாரே திரையில் வந்தார். மேடைக்குப் பின்னால் நின்று, மருமகளுக்கு விசிறிக்கொண்டே, "நீ அடி கண்ணு, புள்ள உள்ள தாளம் கத்துக்கட்டும்" என்று கீழே எழுத்து ஓடியது. பொன்னி அங்கேயே பாயில் உட்கார்ந்துவிட்டாள். படம் முடிந்து மணிமொழியிடம் போய், "அந்தப் பொண்ணுக்கு இன்னா கொழந்த பொறந்துது?" என்று கேட்டாள். "பொண்ணு ஆன்ட்டி. இப்ப அதுவும் டிரம்ஸ் கத்துக்குதாம்" என்றது. பொன்னி அதன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அன்றைக்குப் பாயசம் வேறு. பொன்னி எத்தனை டம்ளர் குடித்தாள் என்று நான் எழுதப் போவதில்லை.

நான் மணிமொழியிடம் ஒரு நாள் கேட்டேன். "ஏம்மா, வெள்ளக்காரன் பேசறத ஏன் இப்டி நம்ம ஊர்ப் பேச்சுல எழுதுற?" என்று. அது சொன்னது, "அவங்க சண்டைய அவங்க ஊர் பாஷைல போடுறாங்க. அத நான் செய்தி வாசிக்கற மாதிரி எழுதுனா யாருக்குங்க வலிக்கும்? எங்கப்பா எங்க பெரியப்பாவோட எப்டிப் பேசுவாரோ அப்டி எழுதுவேன்." அக்கா, ஒரு பெண்ணை நிற்க வைத்து, நடக்க வைத்து, சமைக்கத் தெரியுமா என்று கேட்டு நாம் என்னத்தைத் தெரிந்துகொள்கிறோம்? யார் யாரையோ பிரிந்தவர்கள் மனதில் இருப்பதை எடுத்து எனக்குப் புரிகிற மாதிரி எழுதுகிற பெண். நம் குடும்பத்தில் நீயும் நானும் போடுகிற சண்டைக்கு இப்படி ஒரு ஆள் நடுவில் வேண்டும். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. வெளிப்படையாகவே சொல்கிறேன். இளவரசனைக் கேட்கவே வேண்டாம், அவன் ஓசூரிலிருந்து வாராவாரம் வந்துவிடுகிறான், சாப்பிடும்போது தட்டிலேயே தாளம் போடுகிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவர்களுக்கு வேலூரிலிருந்து இன்னொரு வரன் வந்து நிற்கிறது. இளஞ்செழியன், "நீங்க பாட்டுக்கு வந்து சாப்புட்டுட்டுப் போறீங்க, வாய் தெறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கறீங்க. வெள்ளிக்கெழமக்குள்ள சொல்லுங்க" என்றார். அவர் கேட்பதும் நியாயம்தான். நான் என்ன சொல்வது? "அர்ஜுனனுக்கு அக்கா செத்துட்டான்னு சொல்லு, நான் அந்தக் கல்யாணத்துக்கு வர மாட்டேன்" என்று நீ சொன்னதாக மாமா சொன்னார். அம்மா முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, உன் முகம்தான் ஞாபகம். நீ இல்லாமல் நான் எந்த வீட்டில் போய்த் தாம்பூலம் மாற்றுவேன்? உன் இடத்தில் தன் அண்ணி வந்து நிற்கலாம் என்கிறாள் பொன்னி, நான் கூடாது என்றுவிட்டேன். நீ வேனை விட்டு இறங்கி வா அக்கா.

ஒருமுறை வந்து அந்தப் பெண்ணைப் பார். படமும் பார். அண்ணன் தம்பி படம் உனக்குக் கட்டாயம் பிடிக்கும். மழைக் கச்சேரி மாமாவுக்கு. ஸ்பீக்கர் பெட்டி தூக்கிக்கொண்டு லாரியில் ஊர் ஊராகப் போகிறவர்களைப் பற்றி ஒன்று இருக்கிறது, அதில் பாட்டை விட லாரிதான் ஜாஸ்தி வருகிறது, ஆனால் கடைசியில் அந்த ஆட்கள் காலி மைதானத்தில் தங்களுக்கென்று ஒரு பாட்டுப் பாடுவார்கள், நான் விசும்பி விசும்பி அழுதேன். தரையில் உட்கார உனக்கு முழங்கால் ஒத்துழைக்காது, நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். வந்து பார்த்த பிறகும் நீ வேண்டாம் என்றால் வேண்டாம். உன் சொல்தான் எனக்குச் சட்டம். நானே இளஞ்செழியன் காலில் விழுந்து, சாப்பிட்டது என் தப்பு என்று சொல்லிவிட்டு வருகிறேன். இளவரசனைச் சமாதானப்படுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். இது அண்ணாமலையார் மேல் ஆணை.

மாமாவுக்கு என் நமஸ்காரங்கள், வெல்லத்தைக் குறைக்கச் சொல்லவும். ஆரணிக்காரர்களுக்கு என் விசாரிப்புகள். ஆர்த்திக்கு, அண்ணன் இளவரசன் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் கொல்லைக் கறிவேப்பிலைச் செடி துளிர்த்து, தங்கள் முழங்கால் நிமிர்ந்து, தங்கள் கோபம் குறைந்து எல்லாம் நலமாக உண்ணாமலை அம்மனை வேண்டுகிறேன்.

தங்கள் காலடியே கதி என்றிருக்கும்,
தம்பி அர்ஜுனன்.

பி.கு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. சனிக்கிழமை இதை எழுதி முடிப்பதற்குள் கூரியர்க் கடை மூடிவிட்டது. இன்றைக்கு ஞாயிறு, கடைசியாக ஒரே ஒரு படம் என்று போனேன். விளக்குப் போட்டதும் பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தால், ஜடாமுடிக்காரர் பக்கத்தில், கையில் தட்டோடு மாமா உட்கார்ந்திருக்கிறார்! பெண் எப்படி என்று வேவு பார்த்துவிட்டு வரச் சொல்லி நீதான் அனுப்பினாயாம். மூன்று வாரமாக வருகிறாராம், எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், நான் திரையை விட்டுத் திரும்பவே இல்லை. அது கிடக்கட்டும். போன வாரம் பெரிய தெரு மெஸ்ஸில் வாங்கியது என்று உனக்கு ஒரு தூக்கு நிறையக் காராமணிக் காரக்குழம்பு கொண்டுவந்தாரே, நீ இரண்டு வேளை பிசைந்து சாப்பிட்டு, விரலைச் சப்பிவிட்டு, "இத வெச்ச மகராசி கைக்கு வளையல் போடணும்" என்றாயாமே. சமையலறைக்குப் போய் அந்தத் தூக்கைத் திருப்பி அடியில் பார். பெயர் வெட்டியிருக்கும், உண்ணாமலை என்று. மணிமொழியின் அம்மா. மாமாவைத் திட்டாதே, பயத்தில் சர்க்கரை ஏறிவிடும். வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுத் தூக்கை நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும், நீயே எடுத்துக்கொண்டு வா. பெண் வீட்டுப் பாத்திரம், வெறுமையாகக் கொண்டு வராதே, பூ வாங்கிப் போட்டுக் கொண்டு வா.